பத்து மணி ஆயில்

“உ...ர்ர்... உ...ர்... உ...”

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச அந்தக் கிழட்டுக் கார் மறுத்துவிட்டது.

“கிளம்பலையாங்க?” போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்ற மனைவி கேட்டாள்.

“உன் தம்பி ஊத்தின ஆயில்ல எருமை மாடு இறங்கினாலும் நீந்தாது. எஞ்சின் எப்படிச் சுத்தும்?” என்று வெடித்தார் தலைவர்.

பழைய கார்ச் சங்கத்தின் தலைவர். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு எல்லாரும் காரோடு ஏரிக்கரையில் கூட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். பனி உறையும் அந்த ஊரில் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவர் கார் மட்டும் நேரத்துக்கு வரவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும். போய்ச் சேரும்போது வரவேற்க வாத்துகள்தான் மிச்சமிருக்கும்.

செயலாளருக்கு மீசை என்று பட்டப்பெயர். அவர் ஃபோனில் மரியாதையாகத்தான் சொன்னார்: “அடுத்த வாரமும் வண்டி வரலேன்னா வேற தலைவரைப் பார்க்கணும்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லலை, பேசிக்கிறாங்க.”

தலைவருக்கு அந்தப் பதவி ஒன்றுதான் இருந்தது. ஆபீசில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வீட்டில் எப்போதுமே பதவி கிடையாது.

மறுநாள் வெயில் ஏறியதும், தானே தேடி வாங்கிய ஒரு கேன் ஆயிலோடு காரை மைத்துனனின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே மீசையின் கார். அதே கம்பெனி, அதே மாடல், அதே வயசு. அதற்குள் மைத்துனன் ஊற்றிக்கொண்டிருந்தது, இவர் தலைபாடாய் அடித்துக்கொண்டு கேட்ட அதே லேசான ஆயில்!

“அடடா, நல்லா இருக்குடா உன் நியாயம்! நான் கேட்டா, ‘அத்தான், பழைய எஞ்சின் இதைத் தாங்காது, சந்து பொந்தெல்லாம் ஒழுகிடும்’னு வகுப்பு எடுத்தே. இது என்ன, நேத்துப் பிறந்த எஞ்சினா?”

மைத்துனன் திருதிருவென்று விழித்தான். “அத்தான், அது வந்து...”

“வராது! உன் புண்ணியத்துல என் வண்டியே வரலை. கேன்ல டபிள்யூன்னு போட்டிருக்கே, அது குளிர்காலத்தைச் சொல்றது. எடைன்னு நினைச்சுக்கிட்டிருக்கிற கூட்டத்துல நீயும் ஒருத்தனா? அதுக்கு முன்னாடி இருக்கிற நம்பர் குறையக் குறைய, குளிர்ல ஆயில் சுலபமா ஓடும். நீ இருபதைப் போட்டு எஞ்சினுக்குள்ள கோந்து காய்ச்சி வச்சிருக்கே. பத்தை ஊத்து!”

“தெரியும் அத்தான்.”

“தெரிஞ்சுமா ஊத்தினே?”

“தெரிஞ்சுதான் ஊத்தினேன்.”

“ஓஹோ! மீசையோட கூட்டா?”

மைத்துனன் கையை நீட்டினான். கேனை வாங்கினான். கெட்டி ஆயிலை வடித்தான். புதியதை ஊற்றினான். மூடியைத் திருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“இனிமே எந்தக் குளிர்லயும் தொட்டதும் கிளம்பும். அக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”

“அவளுக்கு இதுல என்ன தெரியும்?”

“ஏரி வளைவுல உறைஞ்ச பனி உருகப் பத்து மணி ஆகும்னு தெரியும். போன வருஷம் அங்கே உங்க வண்டி வழுக்கி ஒரு முழுச் சுத்து சுத்திச்சே, அதுவும் தெரியும். நீங்க வாயே திறக்கலை. கரையிலேருந்து பார்த்த மீசைதான் பயந்துபோய் அக்காகிட்ட சொன்னார். மத்தவங்க எல்லாம் டவுன் பக்கத்துலேருந்து வர்றாங்க. அந்த வளைவு வழியா வர்றது நீங்க ஒருத்தர்தான்.”

“அதுக்கு?”

“அக்கா இங்கே வந்து, ‘பத்து மணிக்கு முன்னாடி கிளம்பாத ஆயில் எதுடா?’ன்னு கேட்டா. ‘எஞ்சின் தேயும்க்கா’ன்னேன். ‘தேஞ்சா தேயட்டும், எஞ்சினை மாத்திக்கலாம்’னுட்டா.”

தலைவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா?”

“சொல்லியிருந்தா, ‘எனக்கே ஓட்டக் கத்துத் தர்றியா?’ன்னு ஆறு மணிக்கே கிளம்பியிருப்பீங்க.”

மறுக்க வழியில்லை. ஆறு என்ன, ஐந்தரைக்கே கிளம்பியிருப்பார்.

“வடிச்சிட்டுப் பழையதையே ஊத்தட்டுமா அத்தான்?”

“வேண்டாம்ப்பா. எஞ்சின் என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “உங்க ஆயிலையே ஊத்தியாச்சா?”

“ஆச்சு.”

“சரி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தலைவர் காரில் ஏறி உட்கார்ந்தார். வாசலில் போர்வையை இறுக்கிப் பிடித்தபடி மனைவி.

அந்தக் காலத்து வண்டியில் சாவி வேறு, ஸ்டார்ட்டர் பொத்தான் வேறு. சாவியைத் திருப்பாமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் எஞ்சின் வெறுமனே சுற்றும், உயிர் வராது.

தலைவர் சாவியைத் தொடவே இல்லை. பொத்தானை அழுத்தினார். சற்று விட்டு மறுபடி அழுத்தினார்.

ஃபோன் அடித்தது. மீசை.

“வண்டி வரலை. இனிமே நீங்களே தலைவரா இருங்க” என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ரொம்ப நன்றி” என்றார்.

“எனக்கா? எதுக்குங்க?” என்று மீசை திகைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டார்.

“கிளம்பலையாங்க?” வாசலிலிருந்து மனைவியின் குரல். மூச்சு மெல்ல இறங்கி வந்த குரல்.

“இல்லைம்மா” என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. “நான்தான் தப்பான ஆயிலை வாங்கிட்டேன். பத்து மணிக்கு மேல பார்ப்போம்.”