இரவல் இன்ஜின்

"மேடம், அந்த நோட்டை இப்படிக் கொடுங்க."

ரயில்வே யார்டு மாஸ்டர் மேம்பாலப் படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்க நின்றிருந்த நடுத்தர வயதுப் பெண் பதறாமல் நோட்டை நீட்டினாள். பக்கம் பக்கமாக இன்ஜின் நம்பர்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியோ என்று அவருக்குப் பயம்.

காரணம், கீழே சரக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்த பச்சை டீசல் இன்ஜின். வெளியூர் இன்ஜின் ஷெட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கியது. ஏழு மாதமாகிறது. 'அப்போதே திருப்பி அனுப்பிவிட்டோம்' என்று அந்த ஷெட்டுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்தே போட்டிருந்தார். விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும்.

"எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?"

"ஆபீஸா? நான் பல் டாக்டர் சார். லீவு நாள்ல இன்ஜின் பார்க்க வருவேன். அதுலயும் வெளியூர் இன்ஜின்னா உயிர்."

"கதை விடாதீங்க."

"வாயைத் திறங்க."

"என்னது?"

"திறங்க சார்."

திறந்தார்.

"கீழ வலது பக்கம் கடைசிப் பல்லு சொத்தை. இடது பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கீங்க, இல்ல?"

கன்னத்தைத் தடவிக்கொண்டார். உண்மைதான். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"சரி, தண்ணித் தொட்டிகிட்ட ஒரு சிவப்பு இன்ஜின் நிக்குதே, அது யாரோடது?"

அவள் பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. "வேற ஷெட்டு விருந்தாளி சார் அது. உங்க இன்ஜினுக்கெல்லாம் ஹாரன் கூரை மேல இருக்கும். இதுக்கு மூக்குல இருக்கு பாருங்க."

ஆய்வுக்கு வருகிற அதிகாரி காகிதத்தைத்தான் பார்ப்பான். இன்ஜினின் மூக்கைப் பார்க்க மாட்டான். இது அசல் பைத்தியம்தான். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

அதற்குள் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெட்டிங்களுக்குப் பின்னாடி பச்சையா ஒண்ணு தெரியுதே, அதைத்தான் நாலு மாசமா யார்டு யார்டா தேடறேன். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்."

மறுபடி திக்கென்றது. விரட்டினால் நாளைக்கும் வந்து நிற்பாள். போதாக்குறைக்கு நாலு பேரிடம் விசாரிப்பாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா ரயில்வே ஆளுங்க யார் கண்ணுலயும் படக்கூடாது."

"எங்க குரூப்ல மட்டும்தான் போடுவேன். எல்லாம் என்னை மாதிரி கிறுக்குங்க. டெய்லர், டீச்சர், ஒரு சமையல்காரர்."

அவரே கூட்டிப்போய் இன்ஜினைச் சுற்றிக் காட்டினார். முதன்முதலாக ஒருத்தர் அதை வாய் பிளந்து பார்த்ததில் லேசான பெருமைகூட வந்தது. நம்பர் மேல் படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்தும் விட்டார்.

அவள் யார்டு பெயரோடு படத்தை அனுப்பிய மறு நிமிடமே போன் சிணுங்கியது.

"இந்த இன்ஜினை முதல்ல கண்டுபிடிக்கறவங்களுக்குப் பரிசுன்னு போட்டி வச்சவரே பாராட்டியிருக்கார் சார். குரூப்பை ஆரம்பிச்சவரும் அவர்தான். என்ன வேலை பாக்கறார்னுகூட நாங்க கேட்டதில்ல. நீங்களே படிங்க."

யார்டு மாஸ்டர் போனை வாங்கிப் படித்தார்.

"சபாஷ் டாக்டர். அதை அங்கேயிருந்து நகர விடாதீங்க. எங்க ஷெட்டு டிரைவரைக் கூட்டிக்கிட்டு நானே கிளம்பி வர்றேன்."