உத்தனப்பள்ளித் திருப்பத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

"செவுரு கெடக்கட்டும்மா. மொதல்ல இது எவ்ளோ பவருன்னு சொல்லு."

பச்சை கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லால் பாஷா கேட்டார். அவருக்கு எதிரே திருப்பத்தையே அடைத்துக்கொண்டு ஒரு நீண்ட டிரெய்லர். அதன்மேல் வீடு அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பச்சை கேட் போட்ட அந்த வீட்டின் காம்பவுண்டுச் சுவர் மூலையை இடித்தால்தான் வண்டி திரும்பும்.

இன்ஜினியர் ஸ்வாதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டிரெய்லருக்காக வழிநெடுகக் கரண்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் கடக்காவிட்டால் மறுபடி அனுமதி கிடைக்க ஒரு வாரமாகும். மனிதரைப் பகைத்துக்கொள்ள முடியாது.

"முன்னூத்திப் பதினஞ்சு எம்.வி.ஏ., பாய். ஒரு எம்.வி.ஏ.ன்னா ஆயிரம் கே.வி.ஏ. அதோ, கம்பத்து மேல சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்குதே, அது நூறு கே.வி.ஏ."

"அப்போ அத மாதிரி மூவாயிரத்துக்கு மேல! எடை?"

"எண்ணெய் ஊத்தாமலே இருநூறு டன் கிட்ட வரும்."

லால் பாஷா நெற்றியைச் சுருக்கினார். "கம்பத்துல இருக்குறது அரை டன்னுன்னு வெச்சுக்க. மூவாயிரம் மடங்குன்னா இது ஆயிரத்து ஐந்நூறு டன் இருக்கணுமே. கணக்கு ஒதைக்குதே?"

அந்த அவசரத்திலும் ஸ்வாதிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பவர் ஏறுற அளவுக்கு எடை ஏறாது, பாய். பெருசாக்கப் பெருசாக்க உள்ள இருக்குற ஒவ்வொரு கிலோ இரும்பும் செம்பும் அதிக பவரத் தாங்கும்."

"அப்போ இன்னும் பெருசா செய்யறதுதானே?"

"செய்யலாம். எந்தப் பாலம் தாங்கும்? இந்தத் திருப்பத்துலயே மாட்டிக்கிச்சே!"

சாலையோரம் ராகி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மெல்ல அருகில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, முக்கியமா பேசிட்டிருக்கோம்" என்றாள் ஸ்வாதி.

சூடாகாதா, எண்ணெய் எதற்கு, பக்கத்துச் சூளகிரியில் எத்தனை ஃபேக்டரிக்குப் போதும் என்று லால் பாஷா கேட்டுக்கொண்டே போனார். ஒன்றையும் விடாமல் விளக்கினாள் ஸ்வாதி. கடைசியில் கையைக் கூப்பிவிட்டாள்.

"பெரிய மனசு பண்ணுங்க, பாய். செவுத்த இடிச்சுக்கறோம். நாளைக்கே கட்டிக் குடுத்துடறோம்."

"அத என்னை ஏம்மா கேக்குற? நான் ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நிக்கறவன். முட்டி வலிக்குதுன்னேன், இந்த நாராயணம்மாதான் அவங்க வீட்டு சேரை எடுத்துப் போட்டாங்க."

ஸ்வாதி திகைத்துத் திரும்பினாள். ராகி அப்பிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நாராயணம்மா சொன்னாள்:

"என் செவுருதான், தாராளமா இடிச்சுக்க. ஆனா அந்தக் கம்பத்து மேல இருக்குறது கரண்ட் இருந்தா எந்நேரமும் 'உம்'முனு முனகுதே, அது ஏன்னு எனக்கும் ஒருவாட்டி சொல்லிட்டு இடி!"