கேட்டது யார்?

ஊமேயோ நகரில் தனியாக இருந்த எஸ்கில், இப்போது யாரும் சீந்தாத பழைய பிராசசர் ஒன்றில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் கம்பைலரை மாற்றியமைத்து ஓடவைத்துவிட்டான். விடையை யாராவது கேட்கும்வரை கணக்குப் போடாமல் சும்மா கிடப்பது அந்த மொழியின் குணம். சோதனைக்கு ஒரு நிரலை ஏற்றினான். விடையைக் கேட்கவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டரின் ஃபேன் இரைந்தது, கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தோழி குன்வோரைப் போனில் கூப்பிட்டான்.

"நீ மாத்தினதுல தப்பு இருக்கும்டா. லேப்டாப்ல ஓட்டிப் பாரு."

லேப்டாப்பில் அதே நிரல் சும்மா கிடந்தது.

"அப்ப அங்க யாரோ கேட்டிருக்காங்க," என்று சிரித்தாள். "வீட்டுல யாரு?"

"பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து ஒருத்தரும் வரல."

போனை வைத்துவிட்டு, வெற்று அறையைப் பார்த்து, "விடை கிடைச்சுதா?" என்றான். ஃபேன் நின்றது.

கேட்டவர் போய்விடுவதற்குள் எஸ்கில் அவசரமாக இன்னொரு நிரல் எழுத உட்கார்ந்தான், இம்முறை முடிய வெகுநாள் ஆகிற கணக்காக.