ஸ்டுடியோ நாற்காலி

அருப்புக்கோட்டை ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவில் மத்தியான வெயில் காய்கிறது. பரளச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த தங்கலட்சுமி, முட்டியைப் பிடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். புருஷனுக்கு நாளை கருமாதி. பந்தலில் ஓடவிட வீடியோ வேண்டும். இருப்பதோ ஆதார் படம் ஒன்றுதான். ஸ்டுடியோக்காரி நாகஜோதி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பட்டனைத் தட்டுகிறாள். திரையில் அவர் கண் சிமிட்டுகிறார். வீட்டில் சிரித்தறியாதவர் சிரிக்கிறார். பிறகு மெல்லத் திரும்பி, நேராகப் பார்க்கிறார். தங்கலட்சுமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

"உக்காருங்கக்கா. நெசமில்ல, ஏஐ போட்ட படம்."

"தெரியுது தாயி."

மின்விசிறி கிறீச்சிடுகிறது. படம் முடிந்து மறுபடியும் ஓடுகிறது; மறுபடியும் அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் முட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருக்கிறாள்.

"கொஞ்சம் அத அமத்து தாயி," என்கிறாள். "நான் உக்காரணும்."