அட்டை வீட்டின் தாழ்ந்த ஜன்னல்

வீடு கட்டுமுன் அதன் கணினி மாதிரிக்குள் அதில் குடியேறப்போகும் குடும்பத்தின் நகல்கள் நாற்பது வருடம் வாழ்ந்து பார்த்துவிடும். அங்கே நடப்பதை ஆர்க்கிடெக்ட் மட்டுமே பார்க்கலாம். ஆர்க்கிடெக்ட் ஷாஹிதா பார்த்துவிட்டு, அட்டையில் செய்த சிறு வீட்டோடு, வீடு கட்டவிருந்த ஜெசிந்தாவிடம் வந்தாள். அதில் படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே, கட்டில் உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது.

“மீன் வாடை பூரா கட்டிலுக்கு வந்துரும்லா,” என்றாள் ஜெசிந்தா.

“வேற எதை வேணா மாத்துங்கக்கா. இது மட்டும் இருக்கட்டும்.”

வீடு கட்டிக் குடியேறி, ஒன்பது வருடம் ஜெசிந்தா அந்த ஜன்னலைத் திட்டிக்கொண்டே சமைத்தாள். பத்தாம் வருடம் பக்கவாதம் வந்து, அவள் கணவர் லூர்து படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, ஜன்னல் வழியாக அவர் குரல் குழறலாக வந்தது.

“ஜெசி, பால் பொங்குது.”

ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அவர் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே ஷாஹிதாவுக்குப் போன் போட்டாள்.

“அன்னைக்கே உனக்குத் தெரியுமாம்மா?”



“மாதிரிக்குள்ள இருபது விதமா வீட்ட மாத்திப் பாத்தேங்க்கா. எதுலயும் அண்ணன் படுக்கையில விழுறதத் தடுக்க முடியல. இந்த ஒரு வீட்லதான் அதுக்கப்புறமும் சிரிச்சாங்க.”

 ஜெசிந்தா ஜன்னல் வழியே லூர்துவிடம் போனை நீட்டினாள்.

“நம்ம வீடு கட்டின பிள்ள. நீங்களே பேசுங்க.”