ஈயக்குண்டுகள்

வாஷிங்மெஷின் மோட்டாரில் மாட்டிய டிரம்முக்குள் பல்பொடி அரைபட்டுக்கொண்டிருந்தது. அரைப்பதற்காகக் கொழுந்தன் செல்வின் அதில் போட்டிருந்தவை, மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகள். நான் வாங்கிவந்த எவர்சில்வர் குண்டுகளைக் காலால் ஒதுக்கினார்.

“ஈயந்தான் கனம். நல்லா இடிக்கும். படிச்ச திமிர உங்க அம்மா வீட்டுல வச்சுக்கிடுங்க, மைனி.”

டிரம்மை நிறுத்தி, உள்ளிருந்து ஒரு குண்டை எடுத்து, புதிய ஈயக்குண்டின் பக்கத்தில் வைத்தேன். பாதிதான் இருந்தது.

“மிச்சம் எங்க போச்சு?”

வெள்ளையாக இருக்கவேண்டிய பொடி சாம்பலாக இருந்தது.

“ஈயம் மெது, தேஞ்சிரும். அது விஷம். இதப் பிள்ளைங்க வாயில போடுவாங்க.”

“எம் பொடி விஷமா? ஏளா பிளெஸ்ஸி, இங்க வா!”

அவருடைய மகள் ஓடிவந்தாள். அவர் விரலை நனைத்துப் பொடியில் தோய்த்தார்.

“ஈ காட்டு.”

காட்டினாள். முன்பற்கள் இரண்டும் அப்போதுதான் முளைத்திருந்தன.

இந்த வீட்டில் அவர் முகத்தைக்கூட நான் நேராகப் பார்த்ததில்லை. அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

“கைய விடுங்க மைனி.”

விடவில்லை. என் பிடி பலமானதல்ல, அவர் உதறியிருக்கலாம். அந்தக் கை முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பிளெஸ்ஸி வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.