அறிவிக்க வேண்டியவர்

“ஒப்பரேசன் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. பெத்த மகன் ஒருக்கா வந்து எட்டிப் பாக்கேல்லை. இவனெல்லாம் மனிசனோ மிஸ்?”

பதினோராம் கட்டில் விமலேஸ்வரி நேர்ஸிடம் கேட்டது, பன்னிரண்டாம் கட்டிலுக்கும் கேட்கட்டும் என்றுதான். அவருக்கென்ன! மருமகள் கஞ்சியோடு வருவாள், மகன் இளநீரோடு வருவான், விசுவமடுவில் பாதிச் சனம் வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும்.

பன்னிரண்டாம் கட்டில் புனிதம் பூநகரியில் இருந்து தனியே பஸ் ஏறி வந்தவர். பித்தப்பையில் கல். நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு மணி அடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வார். நித்திரையாம். அந்தச் சத்தத்துக்குள் யாருக்கு நித்திரை வரும்?

நேர்ஸ் பிரஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அந்த மகன் மேல். கட்டிலில் தொங்கிய நோயாளர் ரிக்கற்றில் ‘அறிவிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் எழுதியிருந்தது: மகன், றெஜி. பக்கத்தில் போன் நம்பர். ஏழு தரம் அடித்துப் பார்த்துவிட்டாள். ஏழு தரமும் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது.

“தாய்க்கும் சொல்லாமல் நம்பரை மாத்திப்போட்டார் துரை,” என்று பல்லைக் கடித்தாள்.

துரை கிடக்கட்டும். இப்போது பயம் வேறு. புனிதம் எழும்ப மாட்டேன் என்கிறார். வெட்டிய வயிறென்று அப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் கட்டும். காலையில் டொக்டர் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“அம்மா, எழும்புங்கோ. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நாலே நாலு அடி.”

“நோகுது பிள்ளை. விடுங்கோ.”

“படுத்துக் கிடந்தால் இன்னும் நோகும். சாப்பாடும் ஒழுங்கா இல்லை.”

“எழும்பி ஆரிட்டைப் போக?”

புனிதம் அதைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். பிரஷாந்தினியின் வாயில் வந்தது ஒரு பொய்.

“உங்கடை மகன் போன் எடுத்துக் கதைச்சவர்.”

போர்வை அசைந்தது. புனிதம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, அவள் முகத்தையே கனநேரம் பார்த்தார்.

“ஆர்... றெஜியோ?”

“ஓம். வேலையிடத்திலை லீவு குடுக்கேல்லையாம். அம்மாவை எழும்பி நடக்கட்டாம்.”

புனிதம் போர்வையை விலக்கினார். பிறகு கையை நீட்டினார்.

“அப்ப பிடியுங்கோ பிள்ளை. அவன் சொன்னால் நடக்கத்தானே வேணும்.”

அன்றைக்கு யன்னல் வரை. அடுத்த நாள் வாட்டின் வாசல் வரை.

அதற்குப் பிறகு மகன் ஒரு நாளும் தவறாமல் ‘கதைத்தார்’. பிரஷாந்தினி தன் வீட்டில் வைத்துக் கொண்டுவந்த சூப்பும் மகன் சொல்லித்தான் வந்தது. தலை சீவி இழுத்துவிட்டதும் மகன் சொல்லித்தான். காலையில் அவள் டியூட்டிக்கு வந்ததும் புனிதத்தின் முதல் கேள்வி, “என்னவாம் இண்டைக்கு?”

“அம்மா சோறு முழுக்கச் சாப்பிட்டவவோ எண்டு கேட்டவர்.”

“அவன் அப்பிடித்தான். சாப்பாட்டு விசயத்திலை விடமாட்டான்.” சிரித்துக்கொண்டே சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. “போனிலை கதைச்சால் காணுமோ அக்கா? நேரை வந்தெல்லோ பாக்கவேணும்.”

“வர ஏலுமெண்டால் அவன் வராமல் இருப்பானே தங்கச்சி?”

அதைக் கேட்டுப் பிரஷாந்தினி அந்த மகனை மனதுக்குள் இன்னொருதரம் திட்டினாள். இப்படி ஒரு தாய்க்கு அப்படி ஒரு பிள்ளையா!

ஒப்பரேசன் முடிந்து ஆறாம் நாள், வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் எழுதிவிட்டார். பிரஷாந்தினி டியூட்டி முடிந்து, புனிதத்தின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை கூடவே நடந்தாள். இந்த மனுசி வீட்டுக்குப் போய், வராத போனுக்குக் காத்துக்கொண்டு இருக்கப் போகிறாரே என்று நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

“அம்மா, கோவிக்காதேங்கோ. உங்கடை மகன் ஒருநாளும் போன் எடுக்கேல்லை. நான்தான் பொய் சொன்னனான்.”

“தெரியும் பிள்ளை.”

“தெரியுமோ? எப்பிடி?”

“எனக்கு மகனே இல்லை. நான் கலியாணமே கட்டேல்லை.”

பிரஷாந்தினி பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லாட்டி ஒப்பரேசனைத் தள்ளிப்போடுவினம் எண்டு ஊரிலை ஆரோ சொல்லிச்சினம். பயத்திலை வாயிலை வந்த பேரைச் சொல்லி, துலைஞ்சுபோன என்ரை பழைய போன் நம்பரைக் குடுத்தனான்.”

இத்தனை நாளாக அவள் பல்லைக் கடித்துத் திட்டியது இல்லாத ஒருவனை.

“அப்ப... நான் சொல்லேக்கை ஏன் எழும்பி நடந்தனீங்கள்?”

“ஒருத்தி எனக்காக நிண்டு இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லுறாள். நான் எழும்பாமல் கிடக்கேலுமே?”

பூநகரி பஸ் வந்தது. பிரஷாந்தினி கைபிடித்து ஏற்றி, யன்னல் ஓரம் இருத்திவிட்டு இறங்கினாள். பஸ் உறுமத் தொடங்கியதும் புனிதம் தலையை வெளியே நீட்டினார்.

“பிள்ளை, றெஜி திரும்ப எடுத்தால் சொல்லுங்கோ, அம்மா சுகமா வீட்டை போயிட்டா எண்டு.”